பாண் ஓட்டோ எனும் மின்னிசைக் கருவி: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஒலியியல் ஆய்வு

மின்கிதார்களை வகைப்படுத்திய அறிஞர்கள் பெரியநீலாவணை முதல் நிந்தவூர் வரை ஒருநாள் பின்னேரம் நடந்திருந்தால், தங்கள் நூல்களில் ஓர் அத்தியாயம் கூட்டியிருப்பார்கள். 1952இன் கிப்ஸன் லெஸ் போல், 1954இன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று பட்டியல் நீளுகிறது. சாய்ந்தமருது ஒழுங்கைகளில் அன்றாடம் முழங்கும் பாண் ஓட்டோ அதில் இல்லை. அடுப்படிச் சாமானுக்கு இசைச் சபையில் இடமில்லை என்பார்களாயின் அந்த வாதம் செல்லாது. ரிக்கன்பேக்கர் 1932இல் விற்பனைக்கு விட்ட முன்னோடி மின்கிதாருக்கே பொரிக்கும் தாச்சி என்றுதான் பட்டப்பெயர்.

கருவியின் அமைப்பு எளியது. முச்சக்கர வண்டியின் பின்னிருக்கை இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் றோஸ் பாண், சீனிச்சம்பல் பணிஸ், மீன் பணிஸ். மேலே கூம்பு ஸ்பீக்கர், கீழே 12 வோல்ட் பற்றரி. வாசிக்கும் உருப்படி, பீத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. அது அச்சேறியது 1867இல், அவர் மௌத்தாகி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின். அந்த எலீஸ் யார் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். கல்முனைக்குடியில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டால், அது பாண் என்று சொல்லிவிடும்.

ஏன் அந்த உருப்படி? அதன் முதல் இரண்டு சுரங்கள் 659, 622 ஹேர்ட்ஸ். கூம்பு ஸ்பீக்கர் தொண்டை திறந்து கத்தக்கூடிய எல்லைக்குள் இரண்டும் அடங்கும். கிதாரின் அடித்தந்தி 82 ஹேர்ட்ஸ். அதைக் கொடுத்தால் அந்தக் கூம்பு இருமக்கூட மாட்டாது. ஆகவே அடித்தந்தியை நம்பி இவ்வூரில் பாண் விற்க முடியாது என்பது எமது முதல் முடிபு.

இனங்கள் இரண்டு. மெமறிக் கார்ட் இனம் உண்மையான பியானோவை ஒலிக்கிறது; நாகரிகமானது, ஆனால் சுவையற்றது. சில்லு இனமே ஆய்வுக்குரியது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஃபஸ் பெடலை மிதித்துப் பெற்ற கரகரப்பு, ஒலியலையின் தலையை வெட்டித் தட்டையாக்குவதால் வருவது. மலிவான இசைச் சில்லோ பிறவியிலேயே சதுர அலையைத்தான் துப்புகிறது. ஹென்ட்ரிக்ஸ் பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் எங்கள் பாண்காரர் காலையில் வண்டியை எடுக்கிறார்.

இரைச்சலிலும் இது ஒரு படி மேல். வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் முனகல் மின்கிதாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் புகுந்துவிடும். அதை ஒழிக்கத்தான் கிப்ஸனின் சேத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராகக் கோத்து ஹம்பக்கரைச் செய்தார். பற்றரியில் ஓடும் பாண் ஓட்டோவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஊரெல்லாம் கரண்ட் போனாலும் கச்சேரி நிற்காது.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை வளைக்க ஒரு கம்பி உண்டு. இங்கே அந்த வேலையை டொப்ளர் விளைவு சம்பளமில்லாமல் செய்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வந்து கடந்து போகும் வண்டியின் சுருதி அரைச் சுரத்தின் பாதிக்குச் சற்று மேலாக இறங்கும். முதற் சுரம் முழுதாக இரண்டாம் சுரமாகவே காதில் விழ வேண்டுமானால் பாண்காரர் ஏறத்தாழ 75 கி.மீ. வேகத்தில் எம்மை விட்டு ஓட வேண்டும். கடன் கேட்பவர்களிடமிருந்துகூட அவர் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை.

இனி நடைமுறைப் பயன். 150 மீற்றர் தள்ளி ஒலி கேட்டு, வண்டி 15 கி.மீ. வேகத்தில் வருமானால் கையிலிருப்பது 36 விநாடி. அதற்குள் உம்மா சில்லறை தேட வேண்டும், பிள்ளை செருப்புத் தேட வேண்டும், கேற் கொளுக்கி கழன்று தர வேண்டும். “கெதியா ஓடு மனே, பாண்காரன் போறான்!” என்ற குரல் மேற்படி ஸ்பீக்கரை எளிதில் வெல்லும். இருந்தும் வண்டி எப்போதும் அடுத்த வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கிறது. இதற்கு ஒலியியலில் விளக்கமில்லை. கடைசி மீன் பணிஸ் இரண்டையும் பக்கத்து வீட்டு ராத்தா ஏற்கெனவே வாங்கியாயிற்று.