ஓன் போர்டுக்காரர்

கார் வாங்கும் முன் அவர் ஆலோசனை கேட்பது மெக்கானிக்கிடம் அல்ல, மச்சினனிடமும் அல்ல. டாக்சி ஸ்டாண்டில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருக்கும் டிரைவரைத்தான் எழுப்புவார்.

"அண்ணே, எவ்ளோ ஓடியிருக்கு?"

"மூணு லட்சம் தாண்டிருச்சு சார்."

"இன்ஜின்ல கை வெச்சீங்களா?"

"ஆயில் மாத்துறதோட சரி."

முகம் மலர்ந்துவிடும். அவர் ஓட்டும் மாருதி டிசையர்தான் தனக்கும் என்று முடிவாகிவிடும். முடிவான அந்த நொடியே ஒரு பயமும் பிறக்கும்: தன் வண்டியைப் பார்த்து எவனும் டாக்சி என்று நினைத்துவிடக் கூடாது.

ஷோரூமில் முதல் நிபந்தனை, வெள்ளை நிறம் கூடாது. வெயிலுக்கு நல்லது, விற்கும்போது விலை போகும் என்று சேல்ஸ் பையன் சொல்வதெல்லாம் காதில் ஏறாது. "டி போர்டுன்னு நினைப்பாங்க தம்பி." இரும்பு வீலும் அதே காரணத்தால் தள்ளுபடி. அலாய் வீலுக்காக மேல் வேரியன்டுக்குத் தாவுவார். தவணை ஓராண்டு நீளும்.

அவர் பயம் வெறும் பிரமையும் அல்ல. 1998 கடைசியில் டாடா இண்டிகா வந்தபோது அது நடுத்தர வீட்டுக் கனவு. டீசல் சிக்கனம் டிராவல்ஸ்காரர்களுக்குப் பிடித்துப்போக, வீட்டுக்காரர்கள் மெல்ல நழுவினார்கள். 2010 டிசம்பரில் டொயோட்டா எட்டியோஸ் வந்தது. மீட்டரை டேஷ்போர்டின் நடுவில் வைத்திருந்தார்கள், பின்சீட்டுப் பயணி வேகத்தைக் கண்காணிக்கட்டும் என்பதுபோல! அதுவும் கால் டாக்சியாகவே பேர் வாங்கி 2020-இல் விடைபெற்றது.

மாருதி உஷார். 2012-இல் புது டிசையரை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, பழைய உடம்பை 'டிசையர் டூர்' என்று டாக்சிக்கு ஒதுக்கியது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவதுபோல. 2017-இல் அடுத்த மாடல் வந்தபோதும் அதே ஏற்பாடு. 2018-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் டிசையர்.

"அப்ப இன்னோவா? அதுவும் டாக்சிதானே?" என்று கேட்டுப் பாருங்கள். குரலே மாறிவிடும். "அது வேற லெவல் சார்." 2005-இல் வந்த நாள் முதல் ஏர்போர்ட் வாசலிலும் அதுதான், எம்.எல்.ஏ. வீட்டு வாசலிலும் அதுதான். விலை ஏறினால் டாக்சி என்ற பேர் ஒட்டாது போலிருக்கிறது. ஜெர்மனியில் பென்ஸே டாக்சியாக ஓடுகிறது என்ற செய்தியை இவரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை முன்னெச்சரிக்கைக்குப் பிறகும் சோதனை கல்யாண மண்டப வாசலில் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுக்கு விடுப்பா. ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டு." நம்மவர் இறங்கி, வெள்ளை நம்பர் பிளேட்டைக் காட்டினார். "ஓன் போர்டா? அதனால என்ன தம்பி, காசு கொடுத்துடறேன்."

இப்போது அவர் பார்வை மின்சாரக் கார் பக்கம். டாடா 2021-இல் டாக்சிக்கென்றே 'எக்ஸ்பிரஸ்' என்று தனிப் பெயர் வைத்ததில் அவருக்குப் பரம திருப்தி. ஆனால் பிளேட்டில் இடித்தது. மின்சார வண்டி என்றால் சொந்தக் காருக்கும் பச்சை, டாக்சிக்கும் பச்சை. எழுத்துதான் வெள்ளையும் மஞ்சளும்.

"தம்பி, அந்த வெள்ளை எழுத்தைக் கொஞ்சம் பெருசா அடிச்சுத் தருவீங்களா?"

"ஆர்.டி.ஓ. பிடிப்பார் சார்."

"பிடிச்சா ஓன் போர்டுன்னு அவருக்காவது தெரியும்ல?"