விசிலுக்கு முன்னாடியே வேர்த்துப் போற வீரர்களுக்கு

ஜெயிச்சவனும் உக்காரலாம், தோத்தவனும் உக்காரலாம். நம்ம ஊர்ல தோத்தவன்தான் ஜாஸ்தி, அதனால கொஞ்சம் நெருங்கி உக்காருங்க.

சாயந்தரமானா நீங்க பந்து ஆடுறத வேப்பமரத்தடியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆட்டத்த விட ஆட்டத்துக்கு முன்னாடி நீங்க பண்ற வார்ம்-அப்பு இருக்கே, அதத்தான் ரொம்ப ரசிக்கிறேன். அதுல ரெண்டு கச்சி. ஒரு கச்சிக்கு ஷூ லேஸு கட்டுறதே வார்ம்-அப்பு. குனிஞ்சு கட்டுவான், நிமிந்து தலமுடிய ஒதுக்குவான், செல்போன்ல ஒரு படம் புடிச்சுக்குவான், அம்புட்டுத்தான், உள்ள எறங்கிருவான். இன்னொரு கச்சி கிரவுண்ட எட்டு ரவுண்டு நாக்கு தள்ள ஓடி, தவளையாட்டம் தாவி, ரெஃப்ரி விசில வாயில வக்கிறதுக்குள்ள தன்னோட ஆட்டத்த ஆடி முடிச்சுப்புட்டு நிக்கும்.

தலமுடின்னதும் ஞாபகம் வருது. சாமிக்கே குடுமி இருக்குற ஊரு நம்ம ஊரு. பூசைப் பூவ ஆசைநாயகி தலையில வச்சு அழகு பாத்த அர்ச்சகரு, அதையே ராசாவுக்குப் பிரசாதமாக் குடுத்தாராம். பூவுல ஒத்த முடி கெடந்துச்சாம். எங்க சாமிக்கு முடி உண்டுன்னு அவரு ஒரு பொய்யப் போட்டாராம். அந்தப் பொய்யக் காப்பாத்த சிவபெருமான் லிங்கத்துல குடுமியோட காட்சி குடுத்து சிகாநாதரா நின்னுட்டாரு. ஆனா நீங்க கோச்சுகிட்ட, "சூப்பரா வார்ம்-அப் பண்ணிட்டோம் சார்"னு ஒரு பொய் சொல்றீங்க பாருங்க, அதக் காப்பாத்த எந்தச் சாமியும் வராது. பத்தாவது நிமிசம் பந்தத் தொரத்துறப்ப தொடைக்குப் பின்பக்கச் சதை காட்டிக்குடுத்துரும். நெய்மாரு மாதிரி குடுமி வச்சிருந்தாலும் விடாது.

என் பேத்தி உடற்கல்வி படிக்கிறா. பரீச்சைக்குச் சத்தம் போட்டுப் படிக்கிற புள்ள, அதனால எனக்கும் பாதி பாடம் மனப்பாடம். அவ சொல்றா, சும்மா கெடக்குறப்ப தொடைச் சதையோட சூடு 35, 36 டிகிரிதானாம். உடம்பெல்லாம் 37ன்னு நாம நெனைச்சுக்கிட்டு இருக்கோம், காலு அதுக்கும் கீழ. ஓட ஆரம்பிச்சா மொத அஞ்சு நிமிசத்துல சூடு சரசரன்னு ஏறுது, பத்து இருவது நிமிசத்துல ஒரு நெலைக்கு வந்து நின்னுருது. அதுக்கு மேல ஓடுறது சதைக்குச் சூடு இல்ல, ஒனக்கு நட்டம். சதைச் சூடு ஒரு டிகிரி ஏறுனா உதைக்கிற வேகமும் தாவுற பலமும் ரெண்டுலருந்து அஞ்சு சதவீதம் வரைக்கும் கூடுதாம். நரம்புல சேதி வெரசாப் போகுது, ரத்தம் ஆக்சிஜனச் சதைக்குத் தாராளமா விட்டுக் குடுக்குது, சதைக்கும் மூட்டுக்கும் உள்ள இறுக்கம் கொறையுது.

"பங்குனி வெயில்ல நிக்கிறோமே தாத்தா, சூடாத்தானே இருக்கோம்"னு அந்தா அவன் இளிக்கிறான். அப்பு, வெயிலு சுடுறது தோல. சதைக்குள்ள சூடேறணும்னா சதை வேலை செய்யணும். வெயில்ல நின்னாலே போதும்னா நம்ம கோயில் வாசக் குதிரைச் சிலைக்குத்தான் கோல்டன் பூட்டு குடுக்கணும்.

சரி, எம்புட்டு வேகத்துல ஓடணும்? பக்கத்துல ஓடுறவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிஞ்சா பத்தாது, பேசவே முடியலேன்னா ஜாஸ்தி. இத நம்ம ஊர்க்காரனுக்கு நான் சொல்லணுமா? சிகாநாதர் கோயிலுக்குப் பின்னால மலைச்சரிவுல, மேலக்கோயில் ஒட்டி ஒரு பாறை பூராவும் சுரமா வெட்டி வச்சிருக்கே, போய்ப் பாத்திருக்கியா? நீ எங்க பாத்த, அதுமேல சாய்ஞ்சு செல்ஃபி எடுத்திருப்ப. கிரந்த எழுத்துல, ஏழு பகுதியா, நாலு நாலு சுரமாக் கோத்து வெட்டியிருக்கு. உருத்திராசாரியாரோட சீடனான ஒரு ராசா, மாணாக்கருங்க நல்லதுக்காகச் செஞ்சதுன்னு அந்தக் கல்லே சொல்லுது. கச்சேரிக்கு முன்னாடி பழகுறதுக்குப் பாறையவே வெட்டுன ஊருல பொறந்துட்டு, மேட்சுக்கு முன்னாடி பழக உனக்குப் பாயி விரிச்சாத்தான் ஆகுமா?

இப்ப எட்டு ரவுண்டு கச்சிக்கு வர்றேன். நீங்க சிரிச்சது போதும். சதைக்குள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டுன்னு ஒரு இருப்பு இருக்காம். பாய்ஞ்சு ஓடுற மொத சில விநாடிக்கு அதுதான் சோறு. முழு மூச்சுல ஸ்பிரிண்டு அடிச்சா அது சட்டுன்னு காலி. பெரும்பகுதி திரும்ப நெறைய மூணுலருந்து அஞ்சு நிமிசம் ஆகும். நீ என்ன பண்ற? விசில் ஊதுறதுக்கு அரை நிமிசம் முன்னாடி வரைக்கும் வெறிபுடிச்ச மாதிரி ஓடுற. அப்புறம் மொதப் பந்துக்கு எதிராளி தாண்டிப் போறப்ப, புல்லு வழுக்கிருச்சுன்னு சொல்ற. நம்ம கிரவுண்டுல புல்லு எங்கடா இருக்கு?

அதுக்காகச் சவசவன்னு ஓடிட்டு நிறுத்திறவும் கூடாது. மெல்போர்ன்ல ஒரு கூட்டம் 2011ல ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கு. அணிக வழக்கமாப் பண்ற நீள வார்ம்-அப்ப ஒரு பக்கம் வச்சு, சின்னக் கட்டத்துக்குள்ள மும்மூணு பேரா வேகமா ஆடுற ஆட்டத்தயும், காலால பெரிய எடையக் கொஞ்ச தடவை மட்டும் தள்ளுறதயும் இன்னொரு பக்கம் வச்சுப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் ஆனாலும் காரமாப் பண்ணதுதான் தாவுறதுலயும் திரும்புறதுலயும் திரும்பத் திரும்ப ஓடுறதுலயும் நல்ல பலன் குடுத்திருக்கு. கொஞ்சப் பேர வச்சுப் பண்ண ஆய்வுதான், அதுக்காகச் சூடம் ஏத்திக் கும்புட வேணாம். ஆனா எட்டு ரவுண்டுக்காரனுக்கு இதுல பதில் இருக்கு: மெதுவா ஆரம்பி, பத்து நிமிசத்துல வேர்த்து வரட்டும், மும்மூணு பேரா ஒரு சின்ன ஆட்டம், நாலஞ்சு சின்ன ஸ்பிரிண்டு, அப்புறம் மூச்சு அடங்க மூணு நாலு நிமிசம் நடந்துக்கிட்டே இரு.

இன்னொரு கூத்தும் பாக்குறேன். காலத் தூக்கிக் கோல் போஸ்டுல வச்சுக்கிட்டு, ஊர்க்கதை பேசிக்கிட்டே ரெண்டு நிமிசம் நிக்கிறது. ஒரே சதைய ஒரு நிமிசத்துக்கு மேல அசையாம இழுத்துப் புடிச்சா அப்போதைக்குப் பலம் கொஞ்சம் கொறையுதாம். அத ராத்திரி வீட்டுல வச்சுக்க. மேட்சுக்கு முன்னாடி கால வீசு, முட்டிய ஒசத்து, பக்கவாட்டுல ஓடு, அசைஞ்சுக்கிட்டே இழு.

உலகக் கால்பந்துக்காரங்க ஃபிஃபா 11 பிளஸ்ஸுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. 15 பயிற்சி, 20 நிமிசம். மொத எட்டு நிமிசம் மெதுவா ஓட்டம், அடுத்த பத்து நிமிசம் பலம், தாவல், ஒத்தக்கால் நிப்பு, கடைசி ரெண்டு நிமிசம் வேக ஓட்டம். நார்வேயில 125 கிளப்புப் பொண்ணுகள வச்சுப் பாத்து 2008ல எழுதுனாங்க, மொத்தக் காயம் சுமாரா மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எட்டு ரவுண்டு கச்சி காதத் தீட்டிக் கேளு. மேட்ச் அன்னிக்கு நடுவுல இருக்குற அந்தப் பத்து நிமிசப் பலப் பயிற்சிய விட்டுடு, முன்னயும் பின்னயும் ஓடுறத மட்டும் பண்ணுன்னு பயிற்சிய வகுத்தவங்களே சொல்லியிருக்காங்க. பயிற்சி நாளு வேற, பந்தய நாளு வேற.

பொண்ணுகன்னதும் மூஞ்சச் சுளிக்காத. 2018ல கட்டாக்குல மணிப்பூர 2-1ன்னு சாச்சு தேசியப் பட்டம் கொண்டாந்தது நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுக. 2023ல அமிர்தசரஸ்ல மறுபடியும் கொண்டாந்தாளுக. கடலூருப் பொண்ணு இந்துமதி போலீசு வேலையும் பாத்துக்கிட்டு இந்தியாவுக்கும் ஆடியிருக்கு. நீ வேலையும் பாக்குறதில்ல, வார்ம்-அப்பும் பண்றதில்ல.

இம்புட்டையும் ஒழுங்காப் பண்ணிட்டாலும் நம்ம பக்கத்துல ஒரு கண்டம் இருக்கு. அதுக்குப் பேரு சிறப்பு விருந்தினர். நாலு மணிக்கு ஆட்டம்னு நோட்டீசு. மூணே முக்காலுக்குப் புள்ளைக வேர்த்து, கண்ணு பளபளன்னு நிக்கிதுக. "வந்துகொண்டே இருக்கிறார்"னு மைக்குல சொல்றான். அவரு அப்பத்தான் புதுக்கோட்டையில வேட்டி மடிப்பு கலையாமக் கார்ல ஏறிக்கிட்டு இருப்பாரு. வந்தப்புறம் மாலை, பொன்னாடை, அவரு சின்ன வயசுல கோல் போட்ட கதை, ரெண்டு அணியயும் வரிசையா நிறுத்திக் கைகுலுக்கல், போட்டோ. கேமராக்காரனுக்கு வெளிச்சம் பத்தலேன்னு இன்னொரு கைகுலுக்கல். சும்மா நின்னா கால் மணி, இருவது நிமிசத்துலயே சேத்து வச்ச சூடு பெருசா எறங்கிப் போயிரும். அவரு பேசி முடிக்கிறப்ப உங்க காலு, வார்ம்-அப்பே பண்ணாத காலு.

தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்கு மாடு ஓட்டிட்டுப் போனவனக் கேளு. வருசம் பூரா நடக்க விட்டு, கண்மாயில நீந்த விட்டு, மண்ணக் குத்திப் பழக்கி வச்ச காளை, டோக்கன் வரிசையில மணிக்கணக்கா நின்னு காலு மரத்து வாடிவாசல்ல எறங்குனா, கொட்டத்துக்குப் போற மாதிரி ஓரமா நடந்து போயிரும். வெவரமானவன் அத வரிசையிலயே முன்ன பின்ன நடத்திக்கிட்டே இருப்பான். நீயும் வரிசையில நின்னபடியே குதிகால ஒசத்தி எறக்கு, முட்டிய மடக்கு. விருந்தினர் தப்பா நெனைச்சா நெனைக்கட்டும். விழா முடிஞ்சதும் ரெஃப்ரிகிட்ட ரெண்டு நிமிசம் கேளு, ரெண்டு வேக ஓட்டம் ஓடிக்க.

சித்திரை, வைகாசியில இந்தக் கணக்கு மாறும். அப்ப ஒடம்போட உள்சூடே ஆட்டத்துல எகிறும். 39 டிகிரியத் தாண்டிப் போகப் போகத் திரும்பத் திரும்ப ஓடுற தெம்பு கொறையும். வார்ம்-அப்பச் சுருக்கு, நெழல்ல பண்ணு, தலையில தண்ணி ஊத்து. 2014 உலகக் கோப்பையில பிரேசில்ல ஃபோர்டலேசாவுல நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடுறப்ப, வெக்கை தாங்காம ஆட்டத்த நிறுத்தித் தண்ணி குடிக்க விட்டாங்க. அம்புட்டுப் பெரிய ஆளுக தண்ணி குடிக்கிறாங்க, நீ தண்ணி குடிச்சா வயிறு குலுங்கும்னு சொல்லித் திரியுற.

அடுத்து ஹாஃப் டைம். மரத்தடியில மல்லாந்து கெடந்து, ஆளுக்கொரு சர்பத்து, மொதப் பாதியில எவன் தப்புன்னு ஒரு பஞ்சாயத்து. டென்மார்க்காரங்க 2004ல எழுதியிருக்காங்க: இடைவேளையில சும்மா உக்காந்தவனுக்குத் தொடைச் சூடு ரெண்டு டிகிரி எறங்கி, ஓட்டம் 2.4 சதவீதம் மந்தமாச்சு. ஏழு நிமிசம் மிதமா ஓடி அசைஞ்சவனுக்கு அப்படி ஆகல. பஞ்சாயத்த நடந்துக்கிட்டே பேசுங்கப்பு.

இந்தா, ஓரமா உக்காந்து சுண்டல் கொறிக்கிற சப்பு, உன்னத்தான். எழுவத்தஞ்சாவது நிமிசம் கோச்சு திடீர்னு கூப்புடுவாரு, நீ வாயத் தொடச்சுக்கிட்டு ஓடுவ, மூணாவது நிமிசம் தொடையப் புடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே வந்து உக்காருவ. எழுவதுக்கே எந்திரிச்சு கோட்டுக்கு வெளிய ஓட ஆரம்பிச்சிரு. சுண்டல எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. கொண்டக்கடலையா பட்டாணியான்னு மட்டும் சொல்லிட்டுப் போ, எனக்குப் பாக்கி இருக்குறது ரெண்டு பல்லுதான்.