என்ன சார், ஏதாவது அவசரமா?

போன வருஷம் ஜூனில் ஒரு ராத்திரி, ரசம் சாதம் பிசைந்துகொண்டே, “ஜனவரியில சென்னை மாரத்தான்ல 21 கிலோமீட்டர் ஓடப்போறேன்” என்று அறிவித்தேன். எனக்கு வயது 52. மனைவி, “எதுக்குங்க?” என்றாள். அம்மா பதறிப்போய், “யாருக்குடா என்ன ஆச்சு?” என்றாள்.

இரண்டு பேருக்கும் பதிலாக மா. சுப்பிரமணியனைக் காட்டினேன். அப்போது அமைச்சராக இருந்தவர், சர்க்கரை நோய் உள்ளவர், நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியவர். “அவர் ஓடினா போட்டோ எடுக்க ஆள் இருக்கு” என்றாள் மனைவி. ஃபௌஜா சிங்கை எடுத்துவிட்டேன். 89 வயதில் ஓட ஆரம்பித்து, 2011-ல் நூறு வயதில் டொராண்டோவில் முழு மாரத்தானையே எட்டு மணி நேரத்துச் சொச்சத்தில் முடித்தவர். “அப்போ உங்களுக்கு இன்னும் 37 வருஷம் டைம் இருக்கு. மோர் ஊத்தட்டுமா?”

மறுநாள் தி.நகரில் ஷூ வாங்கப் போனேன். விற்பனைப் பையன் என்னை வெறுங்காலோடு நடக்கவிட்டு, பின்னாலிருந்து போனில் படம்பிடித்து, “குதிகால் உள்பக்கமா சாயுது சார்” என்றான். கல்யாணமாகி 25 வருஷத்தில் மனைவி கண்டுபிடித்த என் குறைகளில் இது இல்லை. சாய்வை நிமிர்த்தும் ஷூ 8,999 ரூபாய். பில்லைப் பார்த்தவள், அதே தெருவில் தங்கம் விற்கிறார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தினாள்.

அடுத்த நாள் காலை ஐந்தே முக்காலுக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஓட்டம் தொடங்கியது. இருபது அடி போயிருப்பேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து, “ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே?” என்றார். குளத்து முனையில் பூக்காரம்மா, “பஸ் இப்பத்தான் சார் போச்சு” என்று வருத்தப்பட்டாள். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்பை ஒட்டி மூச்சு வாங்கிக்கொண்டு போனபோது, பழைய ஆபீஸ் நண்பர் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். “என்ன சார், ஏதாவது அவசரமா? ஏறுங்க, விட்டுடறேன்.”

“சும்மா ஓடறேன் சார்.”

“சும்மாவா?” அவர் முகத்தில் தெரிந்த கவலை, நான் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட வந்திருக்காது.

அடையாறு பக்கம் இந்தத் தொல்லை இல்லை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். உண்மைதான். எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று அரசாங்கமே 2023-ல் அங்கே அடையாளம் போட்டுக் கொடுத்திருக்கிறது. கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே பாதிக் கூட்டம் ஓடுகிறது, மீதிக் கூட்டம் ஓடப்போவதற்காகக் காலை நீட்டி மடக்குகிறது. யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் என்னைத் தாண்டிப் போன எல்லோரும், அதாவது எல்லோரும், “சூப்பர் அங்கிள்!” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கு எழுபது இருக்கும். மயிலாப்பூருக்கே திரும்பினேன்.

அரை மாரத்தான் சரியாக 21 கிலோமீட்டரும் இல்லை, 97.5 மீட்டர் வால் உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் முழு மாரத்தானைத் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள். அந்தத் தூரமே பிறகு எல்லோருக்கும் விதியாயிற்று; அதில் பாதிதான் இது. அவர்கள் சௌகரியமாக உட்கார்ந்ததற்கு என் முழங்கால் வட்டி கட்டுகிறது.

ஆகஸ்ட் வாக்கில் விஷயம் திசைமாறியது. ஓடிவிட்டு வந்து, கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் வரை போய்வந்ததைப் பெருமையாகச் சொன்னேன். “போற வழிதானே, கொத்தமல்லி வாங்கிண்டு வந்திருக்கலாமே” என்றாள் அம்மா.

அன்றிலிருந்து என் பயிற்சி அட்டவணை மனைவி கையில். திங்கள் தெற்கு மாட வீதியில் காய்கறி. புதன் காபிப் பொடி, அரைக்க ஆகும் நேரத்துக்கு இன்னொரு சுற்று. வெள்ளி பூ, வெற்றிலை. அமாவாசைக்கு முந்தின நாள் வாழைக்காய் நல்லதாகக் கிடைக்கவில்லை என்று மந்தைவெளிக்கும் ஓடியதில் ஒன்பது கிலோமீட்டர் ஆனது. என் வாழ்நாள் சாதனை.

போன வாரம் கக்கத்தில் முளைக்கீரைக் கட்டோடு ஓடிவரும்போது அதே ஸ்கூட்டர் நண்பர் குறுக்கே வந்தார்.

“என்ன சார், அவசரமா?”

நிற்காமல் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். “அடுப்புல பருப்பு வெந்துடுத்து!”

“அடடா, போங்க போங்க” என்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளி வழிவிட்டவர், எதிரே வந்த ஆட்டோவையும் கையைக் காட்டி நிறுத்தினார்.