எங்கை போறியள்?

வன்னியில், ஒலுமடுப் பக்கத்துக் காட்டு வழியில் ஆள் எதிர்ப்பட்டால் முதற்கேள்வி "எங்கை போறாய்?" என்பதுதான். கேட்டவருக்குப் பதில் வேண்டும். மாடு தேடி, விறகுக்கு, ஆடி மாதமென்றால் பாலைப்பழத்துக்கு. "சும்மா நடக்கிறன்" என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றிரவே அவருக்குத் தேசிக்காய் வெட்டிக் கழிப்புக் கழித்திருப்பார்கள்.

இப்போது நான் சும்மா நடக்கிறேன். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு வட்ஸ்அப் குழு. சுவிற்சர்லாந்தில் குடியேறிய எங்கள் ஊர்க்காரருக்குச் சீனியும் பிறஷரும் கூடியதில் பிறந்த நடைக்குழு அது. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் ஒரு மலை. கீழே ஊரெல்லாம் புகார் மூடிக் கிடக்க, மேலே ஏறினால் வெயிலும் மஞ்சள் இலையும். ஊரில் அது ஐப்பசி, மழை பார்த்து காலபோகம் விதைக்கிற நேரம். ஐப்பசியில் ஒருத்தன் மலை ஏறினால் அவனுக்கு வயல் இல்லையென்று அர்த்தம்.

வன்னியில் மலையென்று பெரிதாக ஒன்றுமில்லை. குளம், வயல், காடு, மறுபடி குளம். அதனால் வேறிடத்தில் பாறை என்று சொல்லி விட்டுவிடக்கூடியதெல்லாம் எங்களுக்கு மலை. தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூர்மலை, எங்கள் பக்கம் வெடுக்குநாறிமலை. எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மம்மாவோடு அதில் ஏறியிருக்கிறேன். தலையில் பொங்கற் சாமான் வைத்த சருவம், காலில் ஒன்றுமில்லை. ஆதிலிங்கேஸ்வரருக்கு ஏதோ நேத்தி. எனக்கு மூச்சு வாங்கியது, அவவுக்கு இல்லை. மேலே நின்று காட்சி பார்த்ததாக நினைவில்லை. அடுப்புக்குக் கல் பார்த்தா. இறங்கும்போது ஒரு கட்டு விறகு பொறுக்கினா. ஏறின இடத்திலிருந்து வெறுங்கையோடு இறங்குவது அவவுக்குத் தெரியாத கலை.

அடுத்த பெருநடை 1997 மே மாதம். வன்னியை ஊடறுத்து ஏ9 பாதையைப் பிடிக்க இராணுவத்தின் 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியது. அந்த மாதமே நெடுங்கேணி போனது. சைக்கிளில் நெல்மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் நடந்தோம். வழியில் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது. பிறகு வவுனியாவுக்குள் வந்தபோது கேள்வி சீருடை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அங்கே தெருவில் நடக்கவே பாஸ் வேண்டும். நாட் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று ஒரு மனிதனின் காலுக்கு இத்தனை தரம் உண்டென்பதை அங்கேதான் படித்தேன்.

இங்கே சுவிஸ்காரர் வேறுமாதிரி. நடைபாதைகளைக் காப்பதற்காகவே 1979இல் வாக்கெடுப்பு வைத்து, அரசியலமைப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் பாதை. சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை. அதில் தூரம் போடுவதில்லை, நேரம்தான். எங்களூரில் "கூப்பிடு தூரம்" என்பார்கள், அது கூப்பிடுகிறவரின் தொண்டையைப் பொறுத்தது. பலகையின் நேரமோ யாரோ மெலிந்த சுவிஸ்காரரின் காலைப் பொறுத்தது. எங்கள் குழுவுக்கு அதை இரண்டால் பெருக்க வேண்டும், சாப்பாட்டுக்குத் தனியாகக் கூட்ட வேண்டும்.

ஒருமுறை ரீகி மலைக்குப் போனோம். அதன் பாதிவரை கேபிள் கார். உச்சிப் பக்கம் 1871இலிருந்தே ரயில் ஓடுகிறது. பல்லுச் சக்கரம் வைத்த சிவப்பு ரயில் ஏற, அதற்குப் பக்கத்தில் நாங்கள் இளைத்து இளைத்து ஏறினோம். ஊரில் யாழ்தேவி ரயில் 1990க்குப் பிறகு நெடுங்காலம் வவுனியாவைத் தாண்டவில்லை. கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013 செப்ரெம்பரில். அங்கே ரயில் இல்லாததால் நடந்தோம். இங்கே ரயில் இருப்பதால் நடக்கிறோம். பொருளாளர் மட்டும் இந்தத் தத்துவத்தை ஏற்காமல் ரயிலில் வந்து, உச்சியில் எங்களுக்காகக் காத்திருந்தார். சாப்பாட்டுப் பையும் அவரிடம்தான் இருந்தது என்பதால் யாரும் கண்டிக்கவில்லை.

செங்குத்தான மலைப்பாதைகளில் மஞ்சள் முடிந்து வேறு அடையாளம் தொடங்கும். பாறையிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்பு, வெள்ளையாகப் பட்டை தீட்டியிருப்பார்கள். இதுதான் வழி, நம்பி வா என்று பொருள். 2012இல் ஊருக்குப் போனபோது முகமாலையில் வீதியோரமெங்கும் சிவப்பும் வெள்ளையும் பூசிய கட்டைகள், மண்டையோட்டுப் பலகைகள். சிவப்புப் பக்கம் மிதிவெடி, வெள்ளைப் பக்கம் துப்புரவு செய்த நிலம். அதன்பிறகு இங்கே முதல் தடவை அந்தப் பட்டையைப் பார்த்ததும் எங்களில் நாலு பேர் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி நாங்கள் இயற்கையை இரசிப்பதாக நினைத்து மெல்ல ஒதுங்கிப் போனா. பிறகு சிரித்துக்கொண்டு பட்டைக்குப் பக்கத்திலேயே குந்தி, கொண்டுவந்த மிதிவெடிகளைச் சாப்பிட்டோம். எங்களூர் ரோல்ஸ்தான், உள்ளே முட்டை வைத்துப் பெரிதாகச் சுற்றினால் அந்தப் பெயர்.

அந்தக் கிழவி "குறூட்சி" சொல்லிவிட்டுப் போனா. இங்கே லிஃப்டில் முகம் பார்க்காதவர்கள் மலையில் வணக்கம் சொல்வார்கள். ஆனால் ஒருவர்கூட எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. அம்மாதான் தொலைபேசியில் கேட்பா.

"மலைக்கோ? அங்கை கோயில் இருக்கோ?"

"இல்லையம்மா."

"நேத்தியோ?"

"இல்லை. சும்மா."

"காசு குடுத்தோ?"

கேபிள் காரின் விலையைச் சொல்லவில்லை.

இதற்கிடையில் அம்மம்மா கேட்டுக்கேள்வியில்லாமல் ஏறிய மலைக்குத்தான் இப்போது அனுமதி, நேரம், வழக்கு எல்லாம். தொல்லியல் திணைக்களம் உரிமை சொல்கிறது. 2023 மார்ச்சில் அங்கிருந்த விக்கிரகங்கள் உடைந்து கிடந்தன. 2024 சிவராத்திரியன்று, மார்ச் 8, பொலிஸார் வாகனங்களை மறிக்க, சனம் காட்டுவழியே நடந்து போனது. இருட்டிய பிறகும் பூசை செய்தார்கள் என்று எட்டுப் பேரைப் பிடித்தார்கள். மார்ச் 19இல் வவுனியா நீதிமன்றம் விடுவித்தது. சிவராத்திரிப் பூசையைப் பொழுதுபடமுன் முடிக்கச் சொன்னவருக்கு இரவென்றால் என்னவென்று யாராவது விளக்கியிருக்கலாம்.

போன கிழமை வட்ஸ்அப்பில் செயலாளர் ஒரு யோசனை போட்டார்: அடுத்த நடையை ஊரிலேயே வைத்தால் என்ன, வெடுக்குநாறிமலைக்கு? முதலில் இதயப்படங்கள் வந்தன. பிறகு ஒருவர், அனுமதி யாரிடம் எடுப்பது என்று கேட்டார். தொல்லியலிடம் என்றார் ஒருவர், பிரதேச செயலகம் என்றார் இன்னொருவர், நீதிமன்றம் என்றார் மூன்றாமவர். பொருளாளர் அங்கே ரயில் போகுமா என்று கேட்டார். இரவு பத்து மணிக்குச் செயலாளர் கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலை அனுப்பினார்: தண்ணீர்ப் போத்தல், தொப்பி, அட்டைக் கடிக்குச் சவர்க்காரம், கடவுச்சீட்டின் பிரதி, வவுனியாவில் நல்ல சட்டத்தரணி ஒருவரின் இலக்கம்.