பித்தளை கலர் சார்!

கையால் தோல் பை செய்கிறவன் என்று தெரிந்ததும் ஜனங்கள் முதலில் பையை முகர்ந்து பார்க்கிறார்கள். பிறகு தடவுகிறார்கள். "ஒரிஜினல் லெதர்தானே?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் நகத்தால் ஒரு கீறலும் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பையைத் தோளில் தொங்கவைக்கிற வளையத்தையும் கொக்கியையும் ஒருவர்கூட ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் லேப்டாப், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ரயிலில் படிப்பதாக உத்தேசித்து வருஷக்கணக்கில் சுமக்கிற புத்தகம் எல்லாவற்றின் பாரமும் கடைசியில் வந்து சேருவது கட்டைவிரல் அகலமுள்ள ஓர் உலோகத் துண்டின் மேல்தான். தோல் கிழிந்து செத்த பை அபூர்வம். வார் அறுந்துதான் சாகும். அதுவும் மின்சார ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் அறும்.

என் மாமியாருக்கு இந்தத் தொழிலில் பெருமை கிடையாது. "ஆபீஸ் வேலை நல்லாத்தானே போயிட்டிருக்கு மாப்பிள்ளை?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். தோலைத் தொட்டுப் பிழைத்தவர்களைத் திண்ணையில்கூட ஏற்றாத ஊர்கள் நம்முடையவை. இப்போது அதே தோலில் 'ஹேண்ட்கிராஃப்டட்' என்று ஒரு சீட்டைக் கட்டிவிட்டால் ஹாலில், கண்ணாடி அலமாரியில் இடம் கிடைக்கிறது. பைக்குத்தான் கிடைக்கிறது, தைத்தவருக்கு இல்லை. இதைச் சொன்னால் மாமியார் காபி போட எழுந்து போய்விடுவார்.

சாமான் வாங்கப் பெரியமேட்டுக்குத்தான் போக வேண்டும். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல்கள் கடைக்குக் கடை சுருட்டி நிற்கும். சதுர அடிக் கணக்கில் விலை. எந்த மாடும் சதுரமாக இல்லை என்பதைப் பற்றி அங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை. தோலைத் தேர்ந்தெடுப்பது சுலபம், கண்ணும் கையும் போதும். வளையம் வாங்கத்தான் துப்பறிவாளர் மூளை வேண்டும்.

"பாய், இது பித்தளையா?"

"பித்தளை கலர் சார்."

"கலர் தெரியுது. உள்ளே என்ன?"

"உள்ளேயும் நல்ல மெட்டல்தான் சார்."

இதற்காகவே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பழனி முருகன் காந்தத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். பாய் அதை மரியாதையாக வாங்கி, முருகன் முகம் கீழே படாமல் திருப்பிப் பிடித்து, தானே வளையத்தின் மேல் வைத்தார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. "சாமியே சொல்லிட்டார் சார், இரும்புதான்" என்று சிரித்தபடி அடுத்த டப்பாவைத் திறந்தார்.

காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகத் துள்ளிக் குதிக்கவும் கூடாது. துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. அதை உருக்கி அச்சில் ஊற்றி, மேலே தங்க நிறத்தில் முலாம் பூசி விற்கிறார்கள். அதே அளவுப் பித்தளையைவிடக் கையில் இலேசாக இருக்கும். இரண்டுக்கும் குணத்திலும் பேதம் உண்டு. பாரம் மிஞ்சினால் பித்தளை வளைந்து காட்டி, நான் கிளம்பப்போகிறேன் என்று நோட்டீஸ் கொடுக்கும். துத்தநாகக் கலவைக்கு அந்த நாகரிகம் தெரியாது. பட்டென்று ஒடியும்.

இரும்பை வேண்டாம் என்பது துருவுக்குப் பயந்து மட்டுமல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் நம்மூர்ப் பழைய சரக்கு. ஈ.ஐ. லெதர் என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. அந்தத் தோலில் துவர்ப்பு இறங்கியிருக்கும். முலாம் உரிந்த இரும்பு, ஈரத்தோடு அதில் பட்டால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். கலம்காரித் துணியில் கடுக்காயின் மேல் இரும்புக் கரைசலைத் தீட்டிக் கறுப்பு வரவழைக்கிறார்களே, அதே ரசாயனம். துணியில் நடந்தால் கலை. பையில் நடந்தால் வாடிக்கையாளர் போன்.

வாங்குவதிலும் ஒரு சங்கடம். எனக்கு வேண்டியது நாலு ரிவெட். அவர் விற்பது கிராஸ் கணக்கில், அதாவது 144. "நாலு எதுக்கு சார்? இன்னும் பை செய்யப்போறதில்லையா?" என்று என் எதிர்காலத்தின் மேலேயே கை வைப்பார். ரோஷம் வந்து வாங்கிவிடுவேன். எங்கள் வீட்டில் மிக்சர் டப்பாக்களை எல்லாம் இன்று ரிவெட்தான் ஆள்கிறது.

அளவுகளோ தனிக் கூத்து. தோலை இஞ்சில் வெட்டச் சொல்வார்கள், வளையத்தை மில்லிமீட்டரில் விற்பார்கள். ஓர் இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர். டப்பாவில் இருப்பது 25. அந்தப் புள்ளி நாலு உள்ளே போகாமல் ஓரத்தில் சுருட்டிக்கொண்டு நிற்கும்.

வளையத்தில் டி வடிவம் எதற்கு? முழு வட்டமாக இருந்தால் அது வாருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பற்றவைத்த மூட்டு ஒருநாள் பாரம் இழுக்கும் பக்கம் வந்து நிற்கும். டி ரிங்கின் தட்டைப் பக்கம் தோல் மடிப்பில் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது. மூட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே, தோலுக்குள் மறைவாக இருக்கும். ஆனால் மலிவு ரகத்தில் மூட்டைப் பற்றவைக்கவே மாட்டார்கள், சும்மா வளைத்து விட்டிருப்பார்கள். பை கனக்கக் கனக்க அது மெல்ல வாயைப் பிளக்கும்.

பக்கிளுக்கு நாக்கு உண்டு. நாக்கு வெளியே வரத் தோலில் ஒரு நீள ஓட்டை வேண்டும். அதன் இரு முனையும் உருண்டையாக இருக்க வேண்டும். பிளேடால் சதுரமாக வெட்டினால் மூலையில்தான் கிழிசல் பிள்ளையார் சுழி போடும்.

கொக்கியே வேண்டாம் என்கிறவர்களுக்கு சாம் பிரவுன் பட்டன் இருக்கிறது. குட்டையான கழுத்தின் மேல் ஓர் உருண்டைத் தலை. தோலில் ஓர் ஓட்டையும் அதிலிருந்து ஒரு சின்னக் கீறலும் போட்டு, தலையை அதற்குள் திணித்தால் முடிந்தது. பெயருக்குரியவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த சாமுவேல் பிரவுன். 1858-இல் சண்டையில் இடது கையை இழந்தார். வாளை உருவ உறையை ஒரு கை பிடிக்க வேண்டுமே? அதனால் வலது தோளிலிருந்து குறுக்கே ஒரு வார் போட்டு, உறை ஆடாமல் நிற்கிற மாதிரி பெல்ட் கட்டிக்கொண்டார். நம்மூர்ப் போலீஸ் அதிகாரிகள் அணிவகுப்பில் அந்த வாரை இன்னும் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அதே பட்டனை மாட்டித் தருகிறேன், பெரும்பாலும் மூக்குக் கண்ணாடிக் கூடு மூட.

இனி ரிவெட் அடிக்கிற படலம். கடையில் கிடைக்கிற தொப்பி ரிவெட் இரண்டு துண்டு, ஒரு தட்டுத் தட்டினால் கவ்விக்கொள்ளும். பாரம் தாங்கும் இடத்துக்கு அது போதாது, செம்பு ஆணிதான் என் கட்சி. ஆணியைப் பின்பக்கமிருந்து செருகி, முன்னால் வாஷரை இறுக்கி இறக்கி, மிஞ்சியதைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, சுத்தியலின் உருண்டை முனையால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். நிறையச் சின்னத் தட்டல்கள். கோபத்தில் ஓங்கி ஒரு போடு போட்டால் ஆணி தோலுக்குள்ளேயே சாய்ந்துவிடும்.

ஆணியை ஜீன்ஸ் பேண்டில் அடித்துப் பேர் வாங்கியவர் நெவாடாவின் ரீனோ ஊர்த் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ். குதிரைப் போர்வைக்கு அடித்துக்கொண்டிருந்ததைப் பேண்ட் பாக்கெட்டுக்கு மாற்றினார். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873-இல் காப்புரிமை பெற்றார். பின் பாக்கெட்டு ஆணிகள் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகின்றன என்று புகார் வந்து, 1937-இல் அவற்றைத் துணிக்குள் மறைக்க வேண்டியதாயிற்று.

எனக்கும் புகார் வந்தது, கீழ் ஃபிளாட்டிலிருந்து. மேசை மேல் தட்டினால் மேசை எகிறுமே தவிர ஆணி விரியாது. அடியில் அசையாத கனம் வேண்டும். தண்டவாளத் துண்டுக்கு நான் எங்கே போக? வீட்டில் அந்தத் தகுதி உள்ள ஒரே பொருள் அம்மிக்கல். அதன் மேல் ஓர் இரும்புத் தகட்டை வைத்து ஆரம்பித்தேன்.

"அது நம்ம கல்யாணத்துல நான் மிதிச்ச அம்மி" என்றாள் மனைவி.

"அதான் இவ்வளவு உறுதியா இருக்கு" என்றேன்.

"காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கச் சொல்லிப் பொங்கலிலிருந்து கத்துறேன். அதுக்குக் கை வரலே" என்று ஆரம்பித்தவள், கீழ் வீட்டுக்காரர் படியேறி வரவும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். "தேங்காய்த் துவையல் அரைச்சிட்டிருந்தோம் அண்ணா" என்றாள். அவர் போகும்போது கொஞ்சம் துவையல் கேட்டுவிட்டார். அன்றைக்கு நிஜமாகவே அரைக்க வேண்டி வந்தது.

அண்ணிக்கு ஒரு பை செய்து கொடுத்தேன். அசல் பித்தளை டி ரிங், செம்பு ஆணி, கையால் போட்ட இரட்டை ஊசித் தையல். மழைக்காலம் முடிந்ததும் போன். "வளையம் கறுத்திருக்குப்பா. தோலோடு ஒட்டுற இடத்திலே பச்சையா வேற ஏதோ பூத்திருக்கு. ஏமாத்திட்டாங்களா உன்னை?"

"அசல் அண்ணி. அசல்னாதான் அப்படி ஆகும். தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை பித்தளைச் செம்போட சேர்ந்தா அந்தப் பச்சை வரும். உலர்ந்த துணியால துடைச்சிடுங்க."

"புளி போட்டுத் தேய்ச்சா குத்துவிளக்கு பளிச்சுனு ஆகுதே?"

"குத்துவிளக்குக்குத் தோல் கிடையாது அண்ணி. புளி பட்டா தோல் கறையாயிடும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. தேய்த்தாகிவிட்டது என்று புரிந்தது.

"சரி விடு," என்றார் அண்ணி கடைசியில். "அடுத்த தடவை வார், வளையம் எதுவும் இல்லாம, கையில பிடிச்சுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு பண்ணிக் கொடு. வாய் மூட மட்டும் உள்ளே ஒரு காந்தப் பட்டன் வெச்சிடு."

பட்டனின் கால்களைத் தோலுக்குப் பின்னால் மடக்க வேண்டும், அதை உள் துணி தைப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.