கறண்ட் அடுப்புப் புணரியல்

வட்டுக்கோட்டையில் எதையும் ஆராயாமல் விடும் வழக்கம் இல்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே செமினரி தொடங்கினார்கள். 1829இல் சந்திர கிரகணம் ஒன்றின் கணிப்பில் செமினரி அதிபர் டானியல் பூருக்கும் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதருக்கும் பிணக்கு வந்து, கடைசியில் வானத்தைப் பார்த்துத்தான் தீர்த்தார்கள். பழைய ஏடுகளைத் தேடித்தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவரே. இவ்வளவு பெருமை இருந்தும், சித்தங்கேணி முதல் அராலி வரை உள்ள குசினிகளில் அடிக்கடி மூச்சை நிறுத்திக்கொள்ளும் கறண்ட் அடுப்புக்கு ஒரு நூல் இல்லை, உரை இல்லை, உரையை மறுத்து எழுதிய உரையும் இல்லை. இக்கட்டுரை அக்குறையைப் போக்க எழுந்தது.

ஆய்வுப்பொருள், பீங்கான் தட்டின் பள்ளத்தில் பாம்புபோல் வளைந்து கிடக்கும் கம்பிச்சுருள் அடுப்பு. ஊர்வழக்கில் சுருளுக்குக் கொயில் என்று பெயர். அது நைக்குரோம் கம்பி. நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். 1906இல் அல்பேர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண இரும்புக்கம்பியைச் சிவக்கச் சுட்டால் காற்று அதைத் தின்றுவிடும். நைக்குரோம் சுட்டவுடன் தன்மேல் குரோமிய ஒட்சைட்டுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்வதால் ஆயிரம் சமையலுக்கும் நின்று பிடிக்கிறது.

இனி வரலாறு. இதை இருண்ட காலம், பிற்காலம் என இரண்டாகப் பகுக்கலாம். தமிழக வரலாற்றில் களப்பிரர் காலத்தை இருண்ட காலம் எனலாமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் இருண்ட காலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் வருடக்கணக்காக ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்நாளில் கறண்ட் அடுப்பு பரணில் ஏறியது. சிலர் வீட்டில் கதவு அடைபடாமல் முட்டுக்கொடுத்ததாகவும் கொள்ளலாம். பிற்காலம் 2022இல் உச்சம் கண்டது. அவ்வாண்டு சித்திரை முடிவதற்குள் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கையில் கிடைக்கவில்லை. ஊர் முழுக்கக் கறண்ட் அடுப்பைத் தூசு தட்டியது. பங்குனிக் கடைசியிலோ நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. அடுப்பு இருந்தது, கறண்ட் இல்லை. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இப்போது கொள்கைக்கு வருவோம். அடுப்பு நின்றதும் வீட்டுக்கார அன்ரிக்கும் திருத்த வரும் தம்பிக்கும் நடக்கும் உரையாடல் அநேகமாக மாறுவதில்லை.

“அன்ரி, கொயில் போட்டுது. புதுசு போடவேணும்.”

“தம்பி, போன மாசமும் உதைத்தானே சொல்லிப் புதுசு போட்டனீர்?”

தம்பியிடம் இதற்கு விடை இல்லை. ஏனெனில் அவர் பெயர்ச்சொல்லைப் பார்க்கிறார், சந்தியைப் பார்க்கவில்லை. சுருள் கண்ணுக்குத் தெரியும், சிவக்கும், ஆகவே பழியும் அதன் தலையில். குற்றம் பெரும்பாலும் இருப்பது அடுப்பின் வயிற்றுக்குள், வயரும் சுருளும் சேரும் திருகாணியில்.

அங்கே நடப்பது முழுக்க முழுக்கப் புணர்ச்சி. சுவரிலிருந்து வரும் செப்பு வயர் நிலைமொழி. நைக்குரோம் நுனி வருமொழி. இரண்டும் இறுகச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. ஒரு மாற்றமும் நிகழாது, புட்டு அவியும். ஆனால் செம்பும் நைக்குரோமும் சூட்டில் வேறு வேறு அளவில் நீள்பவை. ஒவ்வொரு சமையலுக்கும் நீண்டு, ஆறும்போது சுருங்கி, திருகாணி மெல்ல நெகிழ்கிறது. நெகிழ்ந்த இடத்தில் தடை கூடுகிறது. அதன்பின் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த விகாரம் மூன்றும் ஒழுங்காக வந்து சேரும். தோன்றல்: பித்தளை முனையில் கரியும் பச்சைக் களிம்பும் தோன்றும். திரிதல்: வயரின் உறை கறுத்து, வளைத்தால் முறியும் பக்குவத்துக்குத் திரியும். கெடுதல்: திருகாணியின் புரி தின்னப்பட்டு, ஒருநாள் தானே கழன்று விழும்.

கணக்கும் உண்டு. 230 வோல்ற்றில் 1,000 வாற்று அடுப்பு ஏறக்குறைய 4.35 அம்பியர் இழுக்கும். சுருளின் தடை ஏறக்குறைய 53 ஓம். சந்தியில் வெறும் ஒரு ஓம் தடை கூடினால் போதும், ஜூல் விதிப்படி கிட்டத்தட்ட 18 வாற்று வெப்பம் அந்தத் திருகாணித் தலையிலேயே குவியும். சுருள் சோறு காய்ச்சுகிறது, சந்தி தன்னைத்தானே காய்ச்சுகிறது. புதுக் கொயில் போட்டபோது அடுப்பு எரிந்தது கொயிலால் அல்ல. போடும் சாட்டில் திருகாணியை இறுக்கியதால். பழைய திருகாணி பழையபடி நெகிழ, அடுத்த மாதம் அன்ரி மறுபடி கேட்கிறார்.

இந்தக் கொள்கைக்கு எதிராகப் பரிசோதகர் பள்ளி ஒன்று உண்டு. சட்டைப் பையில் நியோன் ரெஸ்ரர் வைத்திருப்பவர்கள் அதில் சேர்ந்தவர்கள். சுருளின் நுனியில் தொட்டு “லைற் எரியுது, கறண்ட் வருகுது, அப்ப கொயில்தான்” என்பார்கள். இது அவசர முடிவு. கொயில் அறுந்திருந்தால் ஒரு நுனியில் மட்டும் ரெஸ்ரர் எரியும்; நன்றாக வேலைசெய்யும் அடுப்பிலும் அப்படித்தான். ஆனால் அடுப்பு சூடாகாமல் இரு நுனியிலும் எரிந்தால் கொயில் உயிரோடு இருக்கிறது, போனது நியூட்ரல். அந்நிலையில் முழுச்சுருளும் மின்னேறிக் கிடக்கும். சுவிச்சைத் தவறுதலாக நியூட்ரலில் போட்ட வீடுகளில், சுவிச்சை நிறுத்திய பிறகும் அதே கதிதான். ஆகவே திறந்த சுருள் அடுப்பைத் துடைக்கவோ ஆராயவோ முன் பிளக்கைக் கழற்றுவதே ஆய்வுநெறி. எரியும்போது அலுமினியச் சட்டியின் அடி சுருளில் தொடலாம். ஈரத்தரையில் நின்று அதே சட்டியைப் பிடிப்பவருக்கு இக்கட்டுரை உதவாது. இறப்பர்ச் செருப்புப் போட்டுச் சமைக்கும் மரபு பாராட்டத்தக்கது. எனினும் 30 மில்லியம்பியர் கசிவிலேயே விழும் ரிப் சுவிச்சுக்கும் மண்ணில் ஒழுங்காக இறக்கிய எர்த்துக்கும் செருப்பு ஈடல்ல.

சுருள் உண்மையிலேயே அறுவதும் உண்டு, மறுக்கவில்லை. பால் பொங்கிச் சிந்தினால், கூழ் வழிந்தால், உப்பும் மாவும் அந்த இடத்தில் ஒட்டிக் கம்பியின் தோலை அரிக்கும். அறுந்த சுருளைப் பற்றிப் பதிப்பாசிரியர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். முறுக்குவோர் அறுந்த நுனிகளை இழுத்து முறுக்கி ஒட்டுகிறார்கள். சிதைந்த ஏட்டில் நாலு வரியை விட்டுவிட்டு முன்னையும் பின்னையும் சேர்த்துப் படிப்பதற்கு நிகர். பத்தில் ஒரு பங்கு கம்பி குறைந்தால் தடை குறைந்து அடுப்பு 1,110 வாற்றுக்கு ஏறும். “முந்தினதைவிட இப்ப நல்லா எரியுது” என்ற புகழுரை இக்கட்டத்தில்தான் எழும். அது இரங்கலுரை என்று கொள்க. மற்றவர்கள் புதுச் சுருள் மாற்றுவோர். அவர்கள் பள்ளிக்கே என் வாக்கு, ஒரு நிபந்தனையோடு. கடையில் வாங்கும் கொயில் சுருங்கிய நிலையில் வரும். பள்ளத்தில் ஒரு நூலை ஓடவிட்டு நீளம் அளந்து, அந்த அளவுக்குச் சீராக இழுத்தபின் வைக்கவேண்டும். கையால் வந்தபடி இழுத்தால் சுற்று நெருங்கிய இடம் மற்ற இடத்தைவிடச் சிவந்து, அங்கேயே அறும்.

எல்லாம் சரியாக இருந்தும் மாலையில் புட்டு அவியத் தாமதமானால் அடுப்பைத் திட்டவேண்டாம். வயர் கடைசியில் உள்ள வீட்டில், அயலார் மோட்டரும் லைற்றும் போட்ட நேரம் 230 வோல்ற்று 180 ஆக இறங்கினால் வெப்பம் பாதிக்குச் சற்றே மேல், 612 வாற்றுத்தான். இழப்பே இல்லை என வைத்தாலும் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க ஐந்து நிமிடத்துக்குப் பதில் எட்டு நிமிடம் செல்லும். கிரகணம்போல இதையும் பஞ்சாங்கத்தில் போடலாம்.

உறையிட்ட சுருள் அடுப்பு தனிச் சாதி இலக்கியம். உலோகக் குழாய்க்குள் மகனீசியம் ஒட்சைட்டுத் தூளில் கம்பி புதைந்திருக்கும். அந்தத் தூள் ஈரம் குடிக்கும். கார்த்திகை மாரி முழுக்கப் பாவிக்காமல் வைத்துவிட்டு மார்கழியில் போட்டால் ரிப் சுவிச்சு விழுவது இதனால். சுவிச்சைக் கட்டிப்போட்டு அடுப்பை ஓட்டும் துணிச்சல்காரர் உண்டு. அடுப்பை உலர்ந்த சூடான இடத்தில் வைத்து ஈரத்தைப் போக்குபவரே அறிஞர்.

கடைசியாக ஒரு கள ஆய்வு. செத்ததென்று கழற்றிய கொயில்களைப் பிஸ்கட் பேணியில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருப்பீர்கள். இறக்குங்கள். ஒரு மல்ரிமீற்றரை ஓமில் வைத்து ஒவ்வொன்றின் இரு நுனியையும் தொடுங்கள். அளவே காட்டாதவை உண்மையில் இறந்தவை. ஐம்பது ஓம் அளவில் காட்டும் ஆயிரம் வாற்றுக் கொயில்களைத் தனியே எடுத்துவைத்து, அடுத்த முறை தம்பி வரும்போது, புதுக் கொயிலுக்குக் காசு எண்ணுவதற்கு முன் அவர் கையில் கொடுங்கள்.