கமா இல்லாத வீட்டில்

ஓய்வு பெற்றவர்களில் சிலர் தோட்டம் போடுகிறார்கள், சிலர் சுசீந்திரம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறார்கள். எனக்கு வாய்த்த வியாதி வேறு. இங்கிலீஷில் எதைக் கண்டாலும் கமாவைத் தேடுவேன். கல்யாணக் கார்டு வந்தால் வீட்டுக்காரி முகூர்த்தம் பார்ப்பாள். நான் முற்றுப்புள்ளி பார்ப்பேன்.

செமிகோலன் மேல் தனி மோகம். 1496-ல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சிட்ட ஒரு புத்தகத்தில்தான் இன்றைய வடிவில் அது தலைகாட்டியது. தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைப் பிரிக்கவும் மனசில்லை, சேர்க்கவும் வழியில்லை என்றால் அதைப் போடலாம்; ஒரே வளவுக்குள் இரண்டு அடுப்பு மாதிரி. இதை நான் விளக்கத் தொடங்கினால் பேரன் செருப்பை மாட்டிவிடுவான்.

ஓலைக் காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காதவர்கள், கமாவுக்கா எழுத்தாணியை எடுப்பார்கள்? 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றவர்கள் அச்சு உரைநடையில் குறிகளைப் பழக்கிய பிறகுதான் தமிழ் வாசகனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. என் மனைவி இன்னும் ஓலைக் காலத்தில்தான் இருக்கிறாள்.

அவள் வாட்சப்பில் அனுப்பிய சீட்டு: ‘கோகனட் ஆயில் சிப்ஸ்’. வடசேரிச் சந்தையில் நின்று படித்தேன். நடுவில் கமா இல்லை, ஆகவே பொருள் ஒன்றே. தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கிலோ, சூடாக வாங்கி வந்தேன்.

“தேங்கா எங்க? எண்ணெ எங்க? அவியலுக்கு சிப்ஸையா அரைச்சு ஊத்த?”

இரண்டு கமா போட்டிருந்தால் மூன்று பொருளும் வந்திருக்கும் என்றேன்.

“தேங்கா இல்லாம இந்த வீட்ல என்னைக்கு கறி வச்சிருக்கு? அது தெரியாண்டாமா?”

சரி, வாசல் பெயர்ப்பலகையிலாவது இலக்கணம் தழைக்கட்டும் என்று மயிலாடிக்குப் போனேன். சாமி சிலையே செதுக்குகிற ஊர். ‘தி தாணுஸ்’ என்றால் தாணு குடும்பத்தார். வெறும் பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபி கூடாது, உடைமைக்குத்தான் வேண்டும். எழுதிக் கொடுத்ததோடு விடாமல், ‘இந்த இடத்தில் வரக்கூடாது’ என்று எஸ்ஸுக்கு முன்னால் சிவப்பு மையில் வட்டமும் போட்டுக் காட்டினேன்.

வந்த கருங்கல்லில், வட்டம் போட்ட அதே இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சொட்டு.

“வட்டம் போட்டிருந்துதுல்லா சார், எழுத விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்” என்றார் கல்தச்சர். “அதுக்குத் துட்டு ஒண்ணும் வாங்கேல்ல.”

வேறு கல் வெட்டலாமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

“சும்மா தந்தத யாராவது வேண்டாம்பாவளா?”